எம்பிஆர்121 + எஸ்ப்ருயினோ பிக்கோ: லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது, சார்ஜரில் போட்டால் தானாகப் பேசுகிறது

வலைப்பின்னி கேட்டது:

வணக்கம். பிழைப்புக்கு வெப் டெவலப்பர் வேலை. ஜாவாஸ்கிரிப்ட் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சர்க்யூட் என்றால் மட்டும் கை நடுங்கும். அக்கா எல்.கே.ஜி. டீச்சர். அவள் வகுப்புக்காகத் தொட்டால் பேசும் உயிரெழுத்துப் பலகை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். குழந்தை ‘ஆ’ மேல் விரலை வைத்தால், அக்கா பதிவு செய்து கொடுத்த குரலில் ‘ஆ... ஆடு’ என்று வர வேண்டும். உயிரெழுத்து 12. தொடுவதை உணரும் எம்பிஆர்121 சிப்பில் எலெக்ட்ரோடும் (தொடு முனை) 12. அதைச் செய்த ஃப்ரீஸ்கேல் கம்பெனிக்காரர்கள் நம் அரிச்சுவடியைப் பார்த்துத்தான் சிப்பை வடிவமைத்தார்களோ என்று தோன்றியது, உடனே வாங்கிவிட்டேன்.

செட்டப் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டை நேரே ஓட்டும் எஸ்ப்ருயினோ பிக்கோ போர்டு. சிப்போடு பேசும் இரண்டு ஒயர் இணைப்பு (ஐ2சி1) பி6, பி7 பின்களில். சிப்பின் முகவரி 90. (எண்களை எல்லாம் தசமத்திலேயே எழுதுகிறேன், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்.) ஒலிக்கு டிஎஃப்பிளேயர் மினி என்ற எம்பி3 மாட்யூல், சீரியல்2-இல், ஏ2, ஏ3 பின்கள், 9600 பாட். ப்ளைவுட் பலகை, அதன் மேல் ஐந்து செ.மீ. சதுரமாகச் செம்பு நாடா ஒட்டிய 12 கட்டங்கள், அதற்கு மேல் எழுத்துச் சார்ட், எல்லாவற்றுக்கும் மேல் 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட். போர்டு இடது கீழ் மூலையில் இருக்கிறது. அதனால் ‘ஒ ஓ ஔ’வுக்குப் போகும் ஒயர்கள் முக்கால் மீட்டருக்கு மேல். அழகாக இருக்கட்டும் என்று 12 ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து கேபிள் டை போட்டிருக்கிறேன்.

லேப்டாப் யுஎஸ்பியில் சொருகினால் அருமையாக வேலை செய்கிறது. மொபைல் சார்ஜரில் போட்டால் யாரும் தொடாமலேயே ‘ஐ... ஐ... ஐ... ஓணான்’ என்று கத்த ஆரம்பிக்கிறது. ராத்திரி ஹாலில் அது தனியாகப் பேசியதில் அம்மா பயந்துவிட்டாள். பவர் பேங்க்கில் போட்டால் இதற்கு நேரெதிர்: உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தினால்தான் ஏதாவது கேட்கிறது, அதுவும் இடது பக்க எழுத்துகளில் மட்டும்.

எண் எவ்வளவு மாறினால் தொட்டதாகக் கொள்வது என்ற எல்லையை, அதாவது த்ரெஷோல்டைத்தான் சந்தேகப்பட்டேன். கன்சோலில் இருந்தபடியே 12-ஐ 6 ஆக்கினேன், 20 ஆக்கினேன், 40 வரை போனேன். எதிலும் ஒரு மாற்றமும் இல்லை. ஐம்பது மில்லிசெகண்டுக்கு ஒருமுறை செட்இன்டர்வல் வைத்து ஸ்டேட்டஸைப் படிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மெதுவாக இருப்பதால் எதையாவது தவறவிடுகிறதா? இன்டர்வலைக் குறைக்கட்டுமா? குழந்தைகள் தினத்துக்கு முன் முடித்துக் கொடுப்பதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நிரல்தேனீ:

மைக்ரோகன்ட்ரோலரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டினால் இப்படித்தான். பேசாமல் ஈஎஸ்பி32 வாங்குங்கள். அதில் டச் சென்சார் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 10 பின்கள், தனி மாட்யூல் தேவையில்லை. சி++-இல் ஒரே வரியில் மதிப்பைப் படித்துவிடலாம்.

வலைப்பின்னி:

பத்தா? அப்போது ஓவையும் ஔவையும் எங்கே உட்கார வைப்பது?

பழையசால்டர்:

தம்பி, போர்டை மாற்ற வேண்டாம், மொழியையும் மாற்ற வேண்டாம். நான் டிவி, ரேடியோ சர்வீஸில் வளர்ந்தவன். ஜாவாஸ்கிரிப்ட்டை ரிடையர் ஆன பிறகு எஸ்ப்ருயினோவில்தான் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் வேகம். ஒரு பின்னில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் மாட்டி, அது சார்ஜ் ஆகும் நேரத்தை நீங்களே லூப் போட்டு எண்ணியிருந்தால் ஜாவாஸ்கிரிப்ட்டைக் குறை சொல்லலாம். 10 பைக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸுக்கு அந்த நேரம் 10 மைக்ரோசெகண்ட்தான். எஸ்ப்ருயினோ கோடைக் கம்பைல் செய்யாமல் அப்படியே படித்துப் படித்து ஓட்டுவது. ஓரிரண்டு வரி ஓடுவதற்குள் அந்த 10 மைக்ரோசெகண்ட் போய்விடும். ஆனால் உங்கள் கேஸில் அந்த வேலையை எல்லாம் எம்பிஆர்121 செய்துவிடுகிறது. அரை மைக்ரோசெகண்ட் கரண்ட் கொடுத்து, ஏறிய வோல்டேஜை அளந்து, வடிகட்டி, சராசரி எடுத்து, கடைசியில் உங்களிடம் எலெக்ட்ரோடுக்கு ஒன்றாக 12 பிட் கொடுக்கிறது. அதை வாங்க ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாகப் போதும். செட்இன்டர்வலைத் தொடவே வேண்டாம். பின்னால் நேரம் இருந்தால் சிப்பின் ஐஆர்க்யூ (மாற்றம் வந்தால் அறிவிக்கும்) பின்னை இன்புட்-புல்அப்பில் வைத்து செட்வாட்ச் (பின் மாறினால் ஃபங்ஷனை அழைப்பது) போடுங்கள். டச் மாறும்போது அது லோ ஆகும், ஸ்டேட்டஸைப் படித்ததும் விடுபடும்.

அடுத்தது, த்ரெஷோல்ட் 40 வைத்தும் மாற்றம் இல்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. 3 மி.மீ. அக்ரிலிக்குக்கு 40 வைத்தால் பலகை ஊமையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் நீங்கள் எழுதியது சிப்புக்குள் போகவே இல்லை. எம்பிஆர்121 ஓடிக்கொண்டிருக்கும்போது, 94-ஆம் ரெஜிஸ்டரையும் (ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் எண்களை வைக்கும் அறை) எல்இடி சம்பந்தப்பட்ட சிலவற்றையும் தவிர வேறு எதிலும் எழுத விடாது. எர்ரரும் தராது, கமுக்கமாக இருந்துவிடும். 94-இல் 0 எழுதி நிறுத்துங்கள். 65-இலிருந்து ஒன்று விட்டு ஒன்று தொடும் த்ரெஷோல்ட், 66-இலிருந்து ஒன்று விட்டு ஒன்று விடும் த்ரெஷோல்ட். எழுதி முடித்ததும் 94-இல் 140 எழுதி மறுபடி ஓட விடுங்கள். 140 ஏன் என்றால், 12 எலெக்ட்ரோடும் ஓட வேண்டும், பேஸ்லைன் முதல் அளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்று இரண்டும் அதில் அடக்கம்.

பேஸ்லைன் என்பது கடைக்காரர் காலிப் பாத்திரத்தின் எடையைத் தராசில் கழித்துவிட்டு எண்ணெய் ஊற்றுவது மாதிரி. விரல் இல்லாதபோது என்ன அளவோ அதைச் சிப் நினைவில் வைத்துக்கொள்கிறது. விரல் வந்தால் கெபாசிட்டன்ஸ் கூடும், அளந்த எண் குறையும். குறைந்தது த்ரெஷோல்டைத் தாண்டினால் டச். ஆன் செய்யும் நேரத்தில் யாராவது பலகை மேல் சாய்ந்திருந்தால் அந்தக் கையும் சேர்ந்து பேஸ்லைனாகிவிடும், கொஞ்ச நேரத்துக்கு அந்த எழுத்து பேசாது. அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது கணக்கு. விரல் நுனி அக்ரிலிக்கில் படும் பரப்பு பெரியவர்களுக்கு ஒரு சதுர செ.மீ. என்று வைப்போம். அக்ரிலிக்கின் மின்காப்பு மாறிலி சுமார் 3. தடிமன் 3 மி.மீ. போட்டுப் பார்த்தால் கிடைப்பது 0.9 பைக்கோஃபாரட். எல்.கே.ஜி. விரலுக்கு அதில் பாதி. இந்தப் பக்கம் செம்புக் கட்டமும் முக்கால் மீட்டர் ஒயரும் சேர்ந்து 30 பைக்கோஃபாரட் சும்மாவே இருக்கிறது என்று வையுங்கள். சிப் தன் அமைப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ-கான்ஃபிக் போட்டிருந்தால் பேஸ்லைன் 720 அருகில் நிற்கும். உங்கள் விரலுக்கு 21 எண் குறையும். குழந்தை விரலுக்கு 10 அல்லது 11. உங்கள் த்ரெஷோல்ட் 12! லேப்டாப்பில் ‘அருமையாக’ ஓடியது நீங்கள் தொட்டதால். குழந்தை யாராவது தொட்டுப் பார்த்தார்களா?

சார்ஜர் விஷயத்துக்கு வருகிறேன். டச் சென்சார் விரலைத் தனியாக அளப்பதில்லை. சிப்பின் கிரவுண்ட், பூமி, பூமியில் நிற்கும் மனிதர், அவர் விரல், செம்புக் கட்டம், மறுபடி சிப் என்று ஒரு சுற்று முழுமையாக வேண்டும். உங்கள் லேப்டாப் மூன்று பின் சார்ஜரில் இருந்திருக்கும். எர்த் கிடைத்தது, சுற்று முழுமை. மொபைல் சார்ஜர் இரண்டு பின். அதற்குள் மெயின்ஸ் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். இரண்டு பின் சார்ஜரில் போட்ட மெட்டல் பாடி சாதனத்தைத் தடவினால் ஜிவ்வென்று இருக்குமே, அது இதன் வேலைதான். அதன் வழியாக 50 ஹெர்ட்ஸும் ஸ்விட்ச்சிங் இரைச்சலும் சேர்ந்து உங்கள் கிரவுண்டையே ஏற்றி இறக்கும். போர்டு மொத்தமும் ஆடும்போது பூமி அசையாமல் நிற்கிறது. சிப்புக்கோ யாரோ தொட்டுத் தொட்டு விடுவது போலத் தெரிகிறது. பவர் பேங்க்கில் இரைச்சல் இல்லை, ஆனால் பூமியோடு தொடர்பே இல்லை. போர்டு அந்தரத்தில் மிதக்கிறது, 0.9-இல் ஒரு பங்குதான் சிப்புக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்? என் வரிசைப்படி சொல்கிறேன்.

அக்ரிலிக்கைக் கழற்றுங்கள். சார்ட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டு வாங்கி, செம்பு நாடா மேல் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கால் மி.மீ. தடிமன் என்றால் சிக்னல் பல மடங்கு. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

கேபிள் டையை வெட்டுங்கள். 12 ஒயரையும் கட்டாகக் கட்டினால் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் கொஞ்சம் தொட்ட மாதிரி ஆகும். எம்பிஆர்121 மாட்யூலைப் பலகையின் நடுவில், பின்பக்கம் வையுங்கள், ஒயர்களை நட்சத்திரமாகப் பிரித்து விடுங்கள். நீளமாக இருக்க வேண்டியது பிக்கோவுக்குப் போகும் ஐ2சி ஒயர். 100 கிலோஹெர்ட்ஸில் அரை மீட்டருக்கு அது முனகாது.

சிப்பின் வடிகட்டியைக் கூட்டுங்கள். நிறுத்திவிட்டு, 92-இல் 208, 93-இல் 50, 91-இல் 34 எழுதுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் 6 சாம்பிளுக்குப் பதில் 34; அப்படிப்பட்ட 10 அளவுகளை 4 மில்லிசெகண்ட் இடைவெளியில் எடுத்துச் சராசரி; அதுவும் தொடர்ந்து மூன்று முறை தொட்டதாகத் தெரிந்தால்தான் டச். 120 மில்லிசெகண்ட் தாமதம் வரும், எல்.கே.ஜி. பிள்ளைக்கு அது தெரியாது. ஆட்டோ-கான்ஃபிக் பயன்படுத்தினால் 123-இலும் அதே சாம்பிள் எண்ணிக்கை இருக்க வேண்டும், அதாவது 11-க்குப் பதில் 203. மேல் எல்லை 200, இலக்கு 180, கீழ் எல்லை 130: முறையே 125, 127, 126 ரெஜிஸ்டர்களில். இது 3.3 வோல்ட் சப்ளைக்கு. சிப்புக்கு 3.6 வோல்ட் தாண்டிக் கொடுக்காதீர்கள், 5 வோல்ட்டில் மாட்டிவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதில் எதையும் தொடுவதற்கு முன் எண்களைப் பாருங்கள். டச் ஆனதா இல்லையா என்ற பதிலை மட்டும் வைத்துக்கொண்டு த்ரெஷோல்ட் மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரேடியோ ட்யூன் செய்வது. எஸ்ப்ருயினோவின் பெரிய லாபமே கன்சோல் உயிரோடு இருப்பதுதான். விரலை வைத்துக்கொண்டே மறுகையால் ஃபங்ஷனை மாற்றி எழுதலாம். 4-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து இரண்டிரண்டு பைட்டாக அளந்த எண், சின்ன பைட் முதலில். 30-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து ஒவ்வொரு பைட்டாக பேஸ்லைன், அதை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு பொறி: ஸ்டேட்டஸ் 0-ஆம் ரெஜிஸ்டரில் இருப்பதால் நீங்கள் இதுவரை வெறுமனே படித்ததும் சரியாக வந்தது. 4-ஐக் கேட்கும்போது ரைட்டூ கட்டளையில் முகவரியோடு ‘ஸ்டாப்: ஃபால்ஸ்’ கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பஸ் விடுபட்டு, எதைக் கேட்டாலும் 0-இலிருந்தே பதில் வரும்.

எண்களைப் போடுங்கள், பேசுவோம்.

மைக்ரோபிட்_மிஸ்:

பழையசால்டர் அண்ணா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இதே மாதிரி செய்ய வரும் மற்ற டீச்சர்களுக்காக ஒரு குறிப்பு மட்டும். மூன்று நான்கு தொடு இடம் போதும் என்றால் மைக்ரோபிட் வி2 போர்டு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள தங்க நிற லோகோவே டச் சென்சார். பி0, பி1, பி2 பின்களையும் மேக்கோடில் (ப்ளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் தளம்) கெபாசிட்டிவ் முறைக்கு மாற்றலாம். ப்ளாக்கில் செய்ததை அப்படியே ஜாவாஸ்கிரிப்ட்டாகத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம். பழைய வி1-இல் கெபாசிட்டிவ் கிடையாது, ஒரு கையால் கிரவுண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தொட வேண்டும்.

இன்னொன்று. ஜானி-ஃபைவ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியிலும் எம்பிஆர்121 ஓடும், ஆனால் அங்கே ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது கம்ப்யூட்டரில். ஆர்டுயினோவில் இருப்பது கம்ப்யூட்டர் சொல்வதைச் செய்யும் ஃபர்மாட்டா மட்டும். கேபிளைப் பிடுங்கினால் பலகை தூங்கிவிடும். வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்கு அது சரிப்படாது.

வலைப்பின்னி:

அண்ணா, ஸ்டாப் ஃபால்ஸ் போட்டதும்தான் எண்கள் உருப்படியாக வந்தன. எர்ரர் தராமல் வாங்கிக் குப்பையில் போடும் ரெஜிஸ்டர்! எங்கள் ஊரில் ப்ரௌசர்கூட கன்சோலில் சிவப்பாக ஒரு வரி போடும்.

அக்ரிலிக்கோடு, லேப்டாப்பில்: பேஸ்லைன் 716-லிருந்து 724 வரை. சும்மா இருக்கும்போது ஆட்டம் ஒன்று, இரண்டு. என் விரலுக்கு ‘அ’வில் 24 குறைகிறது, ‘ஔ’வில் 14. பக்கத்து வீட்டுக் குட்டியைக் கூட்டி வந்து தொட வைத்தேன்: ‘அ’வில் 13, ‘ஔ’வில் 7. நீங்கள் சொன்னதுதான். சார்ஜரில் சும்மாவே 15, 20 என்று குதிக்கிறது. பவர் பேங்க்கில் ‘அ’வில் என் விரலுக்கே 8.

லேமினேஷன் போட்டு, மாட்யூலை நடுவில் வைத்து, ஒயரைப் பிரித்துவிட்ட பிறகு: லேப்டாப்பில் குட்டியின் விரலுக்கு எல்லா எழுத்திலும் 45-க்கு மேல், ‘இ’யிலும் ‘உ’விலும் 80. தொடும் த்ரெஷோல்ட் 20, விடும் த்ரெஷோல்ட் 12 வைத்திருக்கிறேன். வடிகட்டியும் நீங்கள் சொன்ன எண்கள்தான். பவர் பேங்க்கில் குட்டிக்கு 18லிருந்து 30 வரை வருகிறது, சில எழுத்து இன்னும் அடம் பிடிக்கிறது. சார்ஜரில் ஆட்டம் 6, 7-க்குள் அடங்கிவிட்டது.

இப்போது எதில் ஓட்டுவது? பள்ளிக்கூடம் பழைய கட்டடம். அந்த வகுப்பில் இரண்டு பின் சாக்கெட்தான் இருக்கிறது. அப்புறம், ஒலி சத்தமாக வரும்போது மட்டும் எண்கள் கொஞ்சம் ஆடுகின்றன.

பழையசால்டர்:

பவர் பேங்க். யோசிக்கவே வேண்டாம். எர்த் இல்லாத கட்டடத்தில், பெயர் தெரியாத சார்ஜரோடு இணைந்த செம்புத் தகட்டைக் குழந்தைகள் கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. லேமினேஷன் நடுவில் இருக்கிறதுதான், ஆனால் அதன் ஓரம் எத்தனை நாளைக்குப் பிரியாமல் இருக்கும் என்று எல்.கே.ஜி. டீச்சரைக் கேளுங்கள்.

மிதப்பதற்கு வைத்தியம் உண்டு. பலகையின் கீழ் விளிம்பில், பிள்ளைகள் இடது கையை ஊன்றும் இடத்தில், நீளமாக ஒரு செம்பு நாடாவை வெளியே தெரியும்படி ஒட்டி போர்டின் கிரவுண்டில் இணையுங்கள். ஒரு கை அதில் பட்டால் சுற்று உடம்பு வழியாகவே முழுமையாகிவிடும், பூமி தேவையில்லை. எண்கள் லேப்டாப் அளவுக்கு ஏறும். இது பவர் பேங்க்குக்கு மட்டும். சார்ஜரில் போடும் எண்ணம் இருந்தால் இந்த நாடா கூடவே கூடாது. அக்காவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், பலகையின் பின்னால் எழுதியும் ஒட்டிவிடுங்கள். கை ஊன்றாத பிள்ளைகளுக்காகப் பலகையின் பின்னால், கட்டங்களிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி, சமையலறை அலுமினியம் ஃபாயிலை ஒட்டி அதையும் கிரவுண்டில் இணைக்கலாம். நெருக்கி ஒட்டினால் உள்ள சிக்னலையும் அது தின்றுவிடும்.

ஒலி: டிஎஃப்பிளேயருக்கு 5 வோல்ட்டை யுஎஸ்பியிலிருந்து நேரே கொடுங்கள், 3.3-இலிருந்து எடுக்காதீர்கள். அதன் பின்களுக்கு ஒட்டி ஒரு 470 மைக்ரோஃபாரட். பிக்கோவின் டிஎக்ஸிலிருந்து வரும் ஒயரில் 1 கிலோஓம் போட்டால் ஸ்பீக்கர் கரகரப்பும் குறையும். வால்யூம் 30 வரை போகும், வகுப்புக்கு 20 போதும். பாடிக்கொண்டிருக்கும்போது வரும் டச்சை அரை நொடிக்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே கண்டுகொள்ளாமல் விடுங்கள். பிள்ளைகள் பத்து விரலையும் வைப்பார்கள், எப்படியும் இது வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சில பவர் பேங்க்குகள் கரண்ட் குறைவாக இழுத்தால் தானாக அணைந்துவிடும். வாங்கும் முன் பலகையை மாட்டிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துப் பாருங்கள்.

வலைப்பின்னி:

நாடா ஒட்டியாயிற்று. பவர் பேங்க்கில் குட்டிக்கு ‘ஔ’வில் 50! அணைந்து போகிற பிரச்சினையும் இருந்தது. வீட்டில் கிடந்த இன்னொரு பவர் பேங்க்கில் இல்லை.

பலகையை அக்காவிடம் காட்டினேன். முழுவதும் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘ஃ எங்கேடா?’ என்கிறாள். எலெக்ட்ரோட் 12-உம் தீர்ந்துவிட்டது. இன்னொரு எம்பிஆர்121 வாங்க வேண்டுமா?

பழையசால்டர்:

ஒரு எழுத்துக்கு இன்னொரு 12 வேண்டாம். முகவரிப் பின்னை மாற்றி 91 ஆக்கி ஒரே பஸ்ஸில் மாட்டலாம்தான், ஆனால் வீண் செலவு. ஒரே ஒரு தொடு இடம் கொண்ட டிடிபி223 மாட்யூல் ஒன்று வாங்குங்கள், டீ வடை காசுதான். 3.3 வோல்ட், கிரவுண்ட், அவுட்புட் மூன்றே ஒயர். அவுட்புட்டைப் பிக்கோவில் காலியாக உள்ள ஏதாவது ஒரு பின்னில் கொடுத்து செட்வாட்ச் போடுங்கள். அதில் உள்ள ஏ, பி சால்டர் பேடுகளைத் திறந்தே விடுங்கள்: தொட்டால் ஹை, விட்டால் லோ. சார்ட்டுக்குப் பின்னால் ஒட்டினால் லேமினேஷன் வழியாகவே பிடிக்கும். ஆன் செய்த முதல் அரை நொடி அதுவும் தன்னை அளந்துகொள்ளும், அப்போது அதன் மேல் கை இருக்கக் கூடாது.

ஒலி ஃபைலுக்கு 0013 என்று பெயர் வைத்து எம்பி3 ஃபோல்டரில் போடுங்கள், டிஎஃப்பிளேயரில் 18-ஆம் கமாண்ட் அதை எண்ணால் அழைக்கும்.

வலைப்பின்னி:

நாளைக்கே வாங்குகிறேன் அண்ணா. ‘ஃ... எஃகு’ பதிவு செய்ய அக்கா இப்போதே ஃபோனை எடுத்துக்கொண்டு சத்தம் இல்லாத அறையைத் தேடிப் போய்விட்டாள்.